வானத்துத் தீவும் சுரங்கத்து மனிதரும்: மியாசாக்கியின் ‘லபுற்றா’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

சிறுவர்க்கென ஆக்கப்படும் உயிரூட்டப் படங்கள் நமது விமர்சகரின் சிரத்தைக்கு உரியனவாகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. இப் புறக்கணிப்புக்கு இரு வேறுபட்ட காரணங்கள் உள. வரைந்த சித்திரங்கள் அசையும் படம் குழந்தைகளின் பொழுதுபோக்கு, அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பது ஒன்று. இது மரபுவழிப் புலமையாளரின் நோக்கு. மற்றது முற்போக்கு அணியினராகிய நம்மிடையே காணப்படுவது. பறக்கும் தீவும் மந்திரக் கல்லும் இளவரசியும் வருங் கதை யதார்த்தத்துக்குப் புறம்பானது, ஆதலின் மக்களை மயக்குவது என்று தீர்ப்புக் கூறி அமைந்துவிடுதல். முன்னையது அறியாமையின்பாற்பட்டது, பின்னையது மாக்சியத்தின் பெயரால் நிகழும் எளிமைப்படுத்தல்.

கிரேக்கத் தொன்மங்கள் இயற்கையின் சக்திகளைக் கற்பனையில் வென்று உருவமைத்தவை என்றும், அவை குறிப்பிட்ட சமூக வளர்ச்சி நிலையொன்றுடன் பிணைந்தவை என்றும் 1857 இல் எழுதிய முன்னுரையிலே மாக்ஸ் எடுத்துரைத்தார். அவ்வளவில் அவர் நின்றுவிடவில்லை. அந்நிலை மறைந்த பின்னும் அவை எமக்கு இன்பம் தருவது எவ்வாறு என்பதே கடினமான வினா என்றார். கற்பனைப் படைப்பை அணுகும் எவரும் இவ் வினாவைத் தவிர்க்க முடியாது. படைப்பில் வருவது நடக்கக்கூடியதா என்று கேட்பது பயன் தராது. அக் கற்பனை எந்தச் சமூக அநுபவத்தினின்று எழுகின்றது, அவ்வநுபவத்தை எவ்விடத்தில் துலக்குகின்றது, எவ்விடத்தில் மறைக்கின்றது என்பனவே நாம் கேட்க வேண்டியவை.

இந்நோக்கில் ஆராய்வதற்கு, யப்பானிய நெறியாளர் ஹயாஓ மியாசாக்கி 1986 இல் ஆக்கிய ‘லபுற்றா: வானத்துக் கோட்டை’ என்னும் வீரசாகசப் படத்தை எடுத்துக்கொள்கின்றோம். ஸ்ரூடியோ ஜிப்லி என்னும் கலைக்கூடம் 1985 இல் நிறுவப்பட்ட பின் அதன் பெயரில் வெளிவந்த முதலாவது படம் இது. ஆகஸ்ட் 2 ஆந் திகதி யப்பானில் திரையிடப்பட்டது. தயாரிப்பாளர் இசாஓ தக்கஹாத்தா. இசையமைத்தவர் ஜோ ஹிசாஇஷி. நான்கு தசாப்தங்களாகப் பல நாட்டுச் சிறுவரும் பெரியவரும் இதனைக் கண்டு களித்து வருகின்றனர். அக் களிப்பைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. அதன் அடித்தளத்தைக் காண்பதே நோக்கம்.

2

கதை சிக்கலானதன்று. சுரங்க நகரொன்றில் இயந்திர வேலை பழகும் அநாதைச் சிறுவன் பாஸு, வானிலிருந்து மெல்ல இறங்கும் ஷீற்றா என்னுஞ் சிறுமியைக் கைகளில் ஏந்திக் காப்பாற்றுகிறான். அவள் கழுத்திலுள்ள நீலக் கல்லே அவளை வீழாமல் தாங்கியது. அக் கல் முன்னொரு காலத்தில் வானில் மிதந்து உலகை ஆண்ட லபுற்றா என்னும் தீவிற்கு வழிகாட்டுவது. டோலா என்னும் முதியவளின் தலைமையில் இயங்கும் ஆகாயக் கொள்ளையர் கூட்டம் ஒரு புறமும், இராணுவத்தளபதியும் முஸ்கா என்னும் இரகசியப் பிரிவு அதிகாரியும் மறுபுறமும் கல்லைத் தேடி வருகின்றனர். இறுதியில் எல்லோரும் தீவை அடைகின்றனர். லபுற்றா அரச வழியினனாகத் தன்னை வெளிப்படுத்தும் முஸ்கா அதன் பேராயுதத்தைக் கைப்பற்றி உலகையாள முற்படும்போது, சிறுவர் இருவரும் அழிவு மந்திரத்தை உச்சரித்துத் தீவின் ஆயுதப் பகுதியைச் சிதைக்கின்றனர். பெருமரமொன்றின் வேர்களாற் பிணைக்கப்பட்ட எஞ்சிய பகுதி மேலும் உயர்ந்து விண்ணில் மறைகின்றது.

இக் கதைக்குப் பின்னணியாக உள்ள வரலாற்றுச் செய்திகள் சில மனங்கொள்ளத்தக்கன. அரசியலும் பொருளியலும் கற்ற மியாசாக்கி 1963 இல் தோயெய் உயிரூட்டப் பட நிறுவனத்தில் வரைஞராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே அங்குள்ள தொழிற்சங்கத்தின் செயலாளரானார். சங்கத்தின் துணைத்தலைவராக இருந்தவர் தக்கஹாத்தா. இத் தொழிற்சங்கத் தோழமையிலிருந்தே, தக்கஹாத்தா நெறியாள்கையில் 1968 இல் வெளிவந்த ‘ஹொருஸ்’ என்னும் படம் பிறந்தது. அது பற்றிப் பின்னர் கூறுவோம்.

இரண்டாவது செய்தி வேல்ஸ் பற்றியது. 1984 மார்ச்சில் பிரித்தானிய நிலக்கரிச் சபை 20 சுரங்கங்களை மூடும் திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 20,000 பேரின் தொழிலைப் பறிக்கும் இத் திட்டத்துக்கு எதிராகச் சுரங்கத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டளவு நீடித்தது. தட்சர் அரசு விட்டுக்கொடுக்கவில்லை. 1985 மார்ச்சில் உடன்பாடு எதுவுமின்றித் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். போராட்டத்தில் மிக உறுதியாக நின்ற பிரதேசங்களுள் ஒன்று தெற்கு வேல்ஸ். மியாசாக்கி 1984 இல் வேல்ஸுக்குச் சென்று அவ்வேலைநிறுத்தத்தை நேரிற் கண்டார். 1985 இல், ‘லபுற்றா’வுக்கான ஆயத்தமாக, மீண்டுஞ் சென்றார். தம் தொழிலையும் தம் ஊரையும் காக்க இறுதிவரை போராடிய அம் மனிதரைத் தாம் வியந்ததாகவும், அச் சமூகங்களின் வலிமையைப் படத்திற் கொணர விரும்பியதாகவும் அவர் பின்னர் கூறியுள்ளார்.

எனவே இப் படத்தின் சுரங்க நகர் வெறும் அலங்காரப் பின்னணியன்று. தோல்வியுற்ற ஒரு மாபெரும் தொழிலாளர் போராட்டத்தின் சூடு ஆறுமுன்னர் வரையப்பட்ட நகர் அது.

3

படத்தின் முதன்மையான சிறப்பு, உழைப்பை அது காட்டும் முறையிலேயே உள்ளது. வீரசாகசக் கதைகளின் நாயகருக்குப் பொதுவாகத் தொழில் இருப்பதில்லை. பாஸுவுக்குத் தொழில் உண்டு. நாம் அவனை முதலிற் காணும்போது, அவன் எசமானுக்கு இரவுச் சாப்பாடு வாங்கிக்கொண்டு இயந்திரக் கூடத்துக்கு ஓடுகிறான். சற்று நேரத்தில், சுரங்கத்தின் அடியிலிருந்து தொழிலாளரை மேலே தூக்கும் நீராவி இயந்திரத்தைத் தனியே இயக்கும் பொறுப்பு அவன்மேல் விழுகிறது. எசமான் பழுதான குழாயைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கைப்பிடியை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பது சிறுவனின் கையில். பிசகினால் மனித உயிர்கள் போகும். மேலே வருந் தொழிலாளர் சொல்லும் செய்தியும் சிறியதன்று: வெள்ளி கிடைக்கவில்லை, வெள்ளீயங்கூட இல்லை. சுரங்கம் வற்றிக்கொண்டிருக்கிறது. இவை அனைத்தும், வானிலிருந்து இறங்கிய சிறுமி அருகே மயங்கிக் கிடக்கும் வேளையில் நிகழ்கின்றன. அற்புதம் நிகழ்ந்துவிட்டது என்பதற்காக வேலை நின்றுவிடுவதில்லை. கற்பனைக்கும் உழைப்புக்குமிடையே இத்தகைய உறவை நிறுவிய சிறுவர் படங்கள் அரியன.

இரண்டாவது சிறப்பு, சமூகக் கூட்டுணர்வு பற்றிய சித்திரிப்பு. கொள்ளையர் சிறுவரைத் தேடி வரும்போது எசமான் வாசலில் நின்று மறிக்கிறார். அவரும் கொள்ளையருள் ஒருவனும் மார்பை விரித்துச் சட்டை பொத்தான் தெறிக்க நிற்கும் காட்சி நகைச்சுவையானது. அவ்வேளை எசமானின் மனைவி, அந்தச் சட்டையை யார் தைப்பது என்று கேட்கிறாள். வீரத்தின் செலவு வீட்டிற்குள் யார் தலையில் விழுகிறது என்பதை ஒரு வினாவிற் சொல்லிவிடும் இடம் இது. அவளே சிறுவரைப் பின்வாசலால் தப்பவைக்கிறாள். தெருவே திரண்டு கைகலப்பில் இறங்குகிறது. சிறு புகைவண்டியின் முதிய சாரதி கேள்வி எதுவுமின்றி அவர்களை ஏற்றிக்கொள்கிறார். கைவிடப்பட்ட சுரங்கத்தினுள் பொம் என்னும் முதியவர், கல்லின் குணங்களைத் தம் வாழ்நாள் அநுபவத்தால் அறிந்தவராகப் பேசுகிறார். நூலறிவுக்கு எட்டாததைக் கையறிவு அறிந்திருக்கிறது.

மூன்றாவதாக, வறுமையைப் பற்றிய நேர்மை. ஷீற்றாவைச் சிறைவைத்த முஸ்கா, பாஸுவிடம் மூன்று பொற்காசுகளைக் கொடுத்து அனுப்புகிறான். இழிவும் சினமும் மேலிட வீடு நோக்கி ஓடும் பாஸு இடறி விழுகிறான், காசுகளை வீசியெறியக் கையை ஓங்குகிறான், ஆனால் வீசவில்லை. வழமையான நாயகன் வீசியிருப்பான். பார்வையாளரும் கைதட்டியிருப்பர். கூலிக்கு உழைக்கும் அநாதைச் சிறுவனால் அது இயலாது என்பதை மியாசாக்கி அறிந்திருக்கிறார். படம் முழுவதிலும் யதார்த்தவாதத்துக்கு மிக நெருங்கிய கணம் இதுவே என்பது நமது கருத்து.

நான்காவது சிறப்பு, விஞ்ஞானத்தையும் இயந்திரத்தையும் பற்றிய இயங்கியல் நோக்கு. இராணுவக் கோட்டையில் உயிர்பெறும் இயந்திர மனிதன் அதனைத் தீக்கிரையாக்குகிறான். அதே வடிவினனான மற்றொருவன் லபுற்றாவின் தோட்டத்தைப் பராமரிக்கிறான். பறவைக் கூட்டுக்குத் தீங்கு நேராதிருக்கச் சிறுவரின் பறவைக்கலத்தை மெல்லத் தூக்கி அகற்றுகிறான். கல்லறைக்குப் பூ வைக்கிறான். ஒரே இயந்திரம் ஓரிடத்தில் ஆயுதமாகவும் மற்றோரிடத்தில் தோட்டக்காரனாகவும் உள்ளது. தீமை இயந்திரத்தில் இல்லை, அதனை ஏவும் உறவுகளிலேயே உள்ளது என்பதை இதனினுந் தெளிவாகச் சிறுவருக்கு உணர்த்துதல் அரிது.

அரசு பற்றிய சித்திரிப்பும் இவ்வாறே கூர்மையானது. தளபதிக்கு வேண்டியது பொன். அவனுடைய படையினர் தீவில் இறங்கியதும் சூறையாடுகின்றனர். முஸ்காவுக்கு வேண்டியது ஆயுதம். பழைய பாணிக் கொள்ளையும் புதிய பாணித் தொழினுட்ப ஆதிக்கமும் ஒரே அரச இயந்திரத்தினுள் இணைந்து வருகின்றன. இறுதியில் பின்னது முன்னதை விழுங்குகின்றது. ஆயுதத்தைச் செலுத்துமுன் முஸ்கா நிகழ்த்தும் சிறு உரையும் நமது வாசகர் கவனத்துக்குரியது. விவிலியம் கூறும் சோதோம், கொமோரா நகர்களை அழித்த வானத்தீ இதுவே என்றும், இராமாயணத்தில் இது இந்திரனின் அம்பு எனப்படுகின்றது என்றும் அவன் பெருமை பேசுகிறான். அடுத்த கணம் கடலின்மேல் எழும் ஒளிக்கோளம், 1945 ஐ அநுபவித்த நாடொன்றின் சித்திரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதிகாரம் தன் கொலைக் கருவிக்குப் பழைய நூல்களிலிருந்து புனிதம் தேடும் முறை, கருத்துநிலை செயற்படும் விதத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

4

இவ்வளவு சிறப்புகள் உள்ள படத்தின் குறைபாடுகளும் சிறியனவல்ல. அவை தனித்தனித் தவறுகளாகவன்றி, ஒரே வேரிலிருந்து கிளைப்பனவாகவே நமக்குத் தோன்றுகின்றன.

லபுற்றா என்ற பெயர் ஜொனதன் ஸ்விஃப்ற் 1726 இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் மூன்றாம் பாகத்துக்கு உரியது. படத்திலும் பாஸு அந்நூலைக் குறிப்பிட்டு, அது கற்பனை, தன் தந்தை கண்டதே மெய் என்கிறான். ஆனால் ஸ்விஃப்ற்றின் கற்பனையில் ஒரு மெய் இருந்தது. அவருடைய பறக்குந் தீவு கீழுள்ள நிலத்தின்மேல் ஆட்சி செலுத்துவது. திறை செலுத்த மறுக்கும் நகரின்மேல் அது நின்று வெயிலையும் மழையையும் மறிக்கும், கல் எறியும், ஈற்றில் தன் முழுப் பாரத்துடனும் இறங்கி நசுக்கும். கீழுள்ள ஒரு நகர மக்கள் கோபுரங்கள் எழுப்பிக் காந்தக் கற்களை வைத்துத் தீவை வென்ற செய்தியையும் அவர் எழுதினார். ஆங்கில ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் எதிர்ப்பைக் குறிக்கும் அப்பகுதி 1899 வரை அச்சேறவில்லை. மேலுலகம் கீழுலகின் உழைப்பில் வாழ்வது. கீழுள்ளோர் அதனை எதிர்த்து வெல்லலாம்: ஸ்விஃப்ற்றின் அங்கதத்தின் உயிர் இதுவே.

மியாசாக்கியின் லபுற்றாவில் இவ்வுறவு காணாமற் போய்விட்டது. தீவு ஒருகாலத்தில் உலகை ஆண்டது என்று சொல்லப்படுகிறது. ஆளப்பட்டவர் யார், அத்தீவின் கட்டடங்களைக் கட்டியவர் யார், அவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது என்பன எழுப்பப்படுவதேயில்லை. லபுற்றா ஏன் வீழ்ந்தது என்பதற்குப் படம் ஷீற்றாவின் வாயிலாகத் தரும் விடை, மண்ணை விட்டுப் பிரிந்து மனிதர் வாழ முடியாது என்பது. உயர்ந்த வாக்கியந்தான். ஆனால் அது அறவிடையே தவிர வரலாற்று விடையன்று. ஆண்டாருக்கும் ஆளப்பட்டாருக்கும் இடையிலிருந்த முரண்பாடு, மண்ணுக்கும் வானுக்கும் இடையிலான முரண்பாடாக உருமாற்றப்படுகின்றது.

இவ்வுருமாற்றம் கீழுள்ள நகரையும் பாதிக்கின்றது. சுரங்கத்தின் உடைமையாளன் யார்? அது மூடப்பட்டால் இம் மக்கள் எங்கே போவர்? இவ் வினாக்களை எழுப்பும் ஆற்றல் முதற் பகுதியிலுள்ள காட்சிகளுக்கு உண்டு. ஆனால் கதை கோட்டைக்கும் அங்கிருந்து வானுக்கும் நகர்ந்த பின், சுரங்க மக்கள் ஒரு முறையேனும் மீள வருவதில்லை. எசமானும் மனைவியும் புகைவண்டிச் சாரதியும் பொம் தாத்தாவும் சிறுவரைத் தப்பவைக்கும் கருவிகளாகப் பயன்பட்டு மறைந்துவிடுகின்றனர். கதையின் தீர்வு அரச இரத்தத்தின் கைக்குப் போய்விடுகின்றது. தீய அரச வழியினன் முஸ்கா. நல்ல அரச வழியினள் ஷீற்றா. கல் அவளுக்கே பணிகிறது. மந்திரம் அவள் பாட்டியிடமிருந்து வந்த குடும்ப இரகசியம். பாஸு அவள் கையோடு கைசேர்த்து அம் மந்திரத்தை உச்சரிப்பது உணர்ச்சிமிக்க கணமாயினும், இயந்திரம் அறிந்த அவன் கைகளுக்கு அங்கே வேலையில்லை. இறுதிக் கணத்தில் உழைப்பாளி, இளவரசியின் துணைவனாக மட்டுமே நிற்கிறான்.

1888 இல் எங்கெல்ஸ் எழுதிய கடிதமொன்று இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. பால்சாக்கின் அநுதாபம் அழிந்துகொண்டிருந்த பிரபுக்கள்பால் இருந்தது. ஆயினும் அவருடைய யதார்த்த நோக்கு, அவர்களின் வீழ்ச்சியின் தவிர்க்கவியலாமையைக் காட்டியது என்றார் எங்கெல்ஸ். ‘லபுற்றா’வில் நிகழ்வது இதன் மறுதலை. கலைஞரின் அநுதாபம் தொழிலாளர்பால் உள்ளது; ஆனால் அவர் தேர்ந்த கதைவடிவம் இளவரசியின் பழங்கதை. வடிவம் அநுதாபத்தை வென்றுவிடுகின்றது.

இரண்டு குறைகளை மேலும் சுட்டுதல் வேண்டும். முஸ்கா தீவின் அடித்தளத்தைத் திறந்து நூற்றுக்கணக்கான படையினரைக் கடலில் வீழ்த்துகிறான். வீழ்வோரைக் குப்பைக்கு ஒப்பிட்டு நகைக்கிறான். இச்சொல்லால் அவன் கொடுமை வெளிப்பட வேண்டுமென்பதே நெறியாளரின் கருத்து. ஆயின் படம் அவர்களை எவ்வாறு காட்டுகின்றது? முகமற்ற சிறு புள்ளிகளாக, மேலேயிருந்து. அவர்களும் ஏதோ ஒரு நகரில் உழைப்பாளரின் பிள்ளைகளாக இருந்தவரே. சாகும் கணத்தில் அவர்களுள் ஒருவனுக்கேனும் முகம் கொடுக்கப்படவில்லை; பின்னர் எவரும் அவர்களை நினைப்பதுமில்லை. முஸ்காவின் நோக்கைக் கண்டிக்கும் படம், அக்கணத்தில் முஸ்காவின் உயரத்திலிருந்தே பார்க்கின்றது.

மற்றது பெண் பற்றியது. கொள்ளையர் தலைவி டோலா, ஆண்மக்களை அதட்டி ஆளும் ஆற்றல்மிக்க பாத்திரம். ஆனால் ஷீற்றா கொள்ளையரின் கப்பலில் ஏறியதும் அவளுக்குக் கிடைப்பது சமையலறை. பாஸுவுக்குக் கிடைப்பது இயந்திர அறை. கப்பலின் ஆண்கள் ஒவ்வொருவராய் அவளுக்கு உதவ வருவது வேடிக்கையாகக் காட்டப்படுகின்றதேயன்றி, அப்பிரிவினை கேள்விக்குள்ளாவதில்லை. சட்டையைத் தைப்பவர் யார் என்று கேட்ட படத்திடம் நாம் இதனிலுங் கூடுதலாக எதிர்பார்த்தல் நியாயமே.

5

இக் குறைகளைச் சுட்டியபின், நெறியாளரின் வர்க்கப் பிரக்ஞை போதாது என்று கூறி முடித்துக்கொள்வது எளிது. அது விளக்கமாகாது. மேலே குறிப்பிட்ட ‘ஹொருஸ்’ படத்துடன் ஒப்பிடும்போதே பிரச்சினையின் வரலாற்றுப் பரிமாணம் புலப்படும். தொழிற்சங்க இயக்கத்தின் எழுச்சியில் ஆக்கப்பட்ட அப் படத்தில், கிராமத்தைச் சூழும் பனிப் பேயை வெல்வது தனி வீரன் அல்லன். நாயகனின் வாளைக் கிராம மக்கள் ஒன்றுகூடி உலையிலிட்டு மீள வடிக்கின்றனர்; ஒன்றுகூடியே பேயை எதிர்கொள்கின்றனர். 1968 இல் கூட்டுழைப்பே ஆயுதம். 1986 இல் ஆயுதம் ஒரு மந்திரச் சொல். அதனை உச்சரிப்பவர் இருவர். அது எதனையும் ஆக்குவதில்லை. அழிக்க மட்டுமே வல்லது.

இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். வேல்ஸில் மியாசாக்கி கண்டது போராட்டத்தை மட்டுமன்று. அவர் இரண்டாம் முறை சென்ற ஆண்டில் போராட்டம் தோற்றிருந்தது. வலிமையான தொழிலாளர் சமூகம் ஒன்றை அவர் அன்புடன் வரைய முடிந்தது. அது வெல்லும் என்று வரைய முடியவில்லை. கீழே வெற்றிக்கு வழி தெரியாதபோது கதை மேலே செல்கின்றது. ஆதலால் படத்தின் குறைபாட்டைத் தனிமனிதரின் தவறாகவன்றி, ஒரு தோல்வியின் வடுவாகவே நாம் வாசிக்கின்றோம். 1990களின் முற்பகுதியில், நீண்டகாலம் வரைந்துவந்த ‘நௌசிக்கா’ சித்திரக்கதையை முடிக்கும் வேளையில், தாம் மாக்சியத்திலிருந்து விலகியதாக மியாசாக்கி கூறினார். அவ்விலகலின் தொடக்கத்தை ‘லபுற்றா’வின் இரண்டாம் பகுதியிலேயே காணலாம் எனின் மிகையாகாது.

படத்தின் இறுதிக் காட்சி இதனைத் தெளிவாக்கும். ஆயுதங்கள் கடலில் வீழ்கின்றன. மரமும் தோட்டமும் இயந்திரத் தோட்டக்காரனும் விண்ணில் உயர்ந்து செல்கின்றன. கண்ணுக்கு இதமான காட்சி. ஆயினும், மண்ணை விட்டுப் பிரிந்து வாழ முடியாதென்று போதித்த படமே, தான் மதிக்கும் அனைத்தையும் மண்ணுக்கு எட்டாத உயரத்துக்கு அனுப்பிவிடுகின்றது. இயந்திரத்தைத் தோட்டக்காரனாக்கும் வாழ்வு கீழே, அச் சுரங்க நகரில் இயலாதா என்பது கேட்கப்படவில்லை. பாஸு திரும்பிச் சென்றால் அவனுக்காகக் காத்திருப்பது வற்றிய சுரங்கமே. படம் அங்கே திரும்பத் துணியவில்லை.

எனினும் நாம் அங்கே திரும்பலாம். சிறுவருக்கு இப் படத்தைக் காட்டுவோர், பறக்கும் தீவைப் பற்றி மட்டும் அவர்களுடன் பேசாது, இயந்திரத்தின் கைப்பிடியைப் பற்றி நின்ற சிறுவனைப் பற்றியும், வீசப்படாத மூன்று காசுகளைப் பற்றியும் பேசுதல் வேண்டும். அச் சுரங்கம் யாருடையது என்று ஒரு குழந்தை கேட்குமாயின், படம் விட்ட இடத்திலிருந்து அக்குழந்தை தொடங்கிவிட்டது என்று நாம் கொள்ளலாம்.